பட்டியலில் கட்டம் இல்லாத பெயர்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் என் மேசையில் ஒரு தாள் இருந்தது. அதில் பதினான்கு பெயர்கள். பதினான்குக்கும் நேரே சரி அடையாளம் போட்டு, அடியில் "அனைவரும் நலம்" என்று எழுதிப் பேனாவை மூடி வைத்திருந்தேன். தேநீர் ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது. தேவராசா அண்ணையின் மகள் நிரோஜா.

"ரீச்சர், அப்பா மோசம் போயிட்டார்" என்றாள்.

அவர் இறந்துவிட்டார் என்று நான் விளங்கிக்கொள்ளும் முன்பே அவளே பேசினாள். "பொயிலர் வேலை செய்யேல்லையாம் ரீச்சர். மூண்டு நாளா வீட்டில சூடே இல்லையாம். உங்களோட ஒவ்வொரு நாளும் கதைச்சவர்தானே, உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?"

இல்லை என்றேன். தாளைத் திரும்பப் பார்த்தேன். அதன் தலைப்பில், "முதல் அழைப்பு: தேவராசா" என்று என் கையெழுத்தில் இருந்தது. மற்ற எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் கீறியிருந்தேன். அவருடைய பெயருக்குக் கட்டம் இல்லை.

வட லண்டனில், எட்மண்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை சாப்பாட்டு மண்டபத்தில் பிளாஸ்கும் கையுமாகக் காத்திருக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் அங்கே வந்து சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்திராது. நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். மனைவி காலமான பிறகு, மகளுக்குக் கிட்ட இருக்கலாம் என்று லண்டன் வந்தார். மகள் ஸ்ட்ரெதமில், அவருக்குக் கிடைத்த வீடு எட்மண்டனில். கிட்ட என்பது நகரத்தை ஊடறுத்து ஒன்றரை மணித்தியாலப் பயணம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். ஒரு குளிர்கால ஆரம்பத்தில், உள்ளூர் கவுன்சில் குளிர்கால ஆபத்துகள் பற்றித் தொண்டர்களுக்கு நடத்திய ஒருநாள் பயிற்சிக்குப் போய், மஞ்சள் மேற்சட்டை ஒன்றும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரமும் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், இதைத் தமிழில எழுதித் தாங்கோ. ஆனா உள்ளபடி எழுதாதேங்கோ. எங்கட சனம் விடுகிற பிழையள் இதில இல்லை."

எங்கள் பிழைகள் என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மண்டபத்தில் அவர் எங்களுக்கு நடத்திய இரண்டாவது வகுப்பில் விளங்கியது. திடீரென மின்சாரம் போனால், பனியில் வெளியே போக முடியாமல் இரண்டு நாள் அடைபட்டால், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பை ஆயத்தமாக இருக்க வேண்டும், அதை அடுத்த கிழமை கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார். எல்லோரும் கொண்டுவந்தார்கள். மேசையில் கொட்டிப் பார்த்தால் காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நகைப் பெட்டியின் சாவி. ஒருவரிடமும் இருட்டில் வெளிச்சத்துக்கு ஒரு ரோச் லைற் இல்லை. மாத்திரை இல்லை, காலுறை இல்லை. என் பையில் என் பட்டச் சான்றிதழ் இருந்தது. அதைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தார்.

"கரண்ட் போனா இதைக் கொளுத்தியோ ரீச்சர் குளிர் காயப்போறியள்?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல், தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி உரியவர்களிடம் கொடுத்தார். "எங்களுக்கு ஓடத் தெரியும். ஓடிப் பழகின சனம். இது ஓடுறதுக்கான பை இல்லை. வீட்டுக்குள்ள இருக்கிறதுக்கான பை. அதைத்தான் நாங்கள் இன்னும் படிக்கேல்லை" என்றார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். ஒரு பாடத்தை அவ்வளவு சுருக்கமாகத் தொடக்கிவைத்த ஆசிரியர்களைக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

பொறுமையான ஆள் என்று அவரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். மின்சாரம் போனால் கோழி வாட்டும் கரித் தட்டை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து மூட்டலாம் என்று வகுப்புக்கு வந்த சிவபாலன் சொன்னபோது, "மூட்டும், பிறகு குடும்பத்தோட படுத்திரும், எழும்ப மாட்டீர்" என்று எல்லோர் முன்னும் கத்திவிட்டார். சிவபாலன் எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் அண்ணை அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லையாம். கையில் ஒரு சிறிய கருவி. நெருப்பில் இருந்து வரும், மணமில்லாத நச்சு வாயுவைக் கண்டால் சத்தம் போடும் கருவி. கதிரையில் ஏறி அதைச் சுவரில் பூட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாராம். செத்தவீட்டில் இதைச் சிவபாலனே சொன்னார்.

அவருடைய பெரிய வேலை அந்தத் தொலைபேசிப் பட்டியல்தான். தனியாக இருப்பவர்கள், வயது போனவர்கள், நெஞ்சு வருத்தக்காரர் என்று பதினான்கு பேர். கடுங்குளிர் என்று வானிலை அறிவிப்பு வந்தால், ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு அவர் என்னை அழைப்பார். நான் பட்டியலின் முதல் பெயரான பரமேஸ்வரி அக்காவை, அவர் அடுத்தவரை. கடைசி ஆள் என்னை அழைத்து, வழியில் யாருக்கும் குறை இருந்தால் சொல்வார். நான் சரி அடையாளம் போடுவேன்.

இதற்கு ஒரு ஒத்திகை வைத்தார். பரமேஸ்வரி அக்காவையும் என்னையும் முதுகுக்கு முதுகு கதிரையில் இருத்தி, தொலைபேசியில் பேசுவது போலப் பேசச் சொன்னார்.

"என்ன ரீச்சர், சுகமோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, சுகம்."

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம் ஓம்."

"சரி, வைக்கிறன்."

அண்ணை கையைத் தட்டினார். "முடிஞ்சுது. ரீச்சர் செத்தாச்சு."

"அபசகுனமாக் கதையாதேங்கோ" என்று அக்கா கோபித்தார்.

"அக்கா, எங்கட சனம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாலும் சுகமெண்டுதான் சொல்லும். மற்றவைக்கு ஏன் கரைச்சல் எண்டு. நீங்கள் உட்பட." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "ஓம் எண்டு மறுமொழி வரக்கூடிய கேள்வி கேக்காதேங்கோ. எழும்பிப் போய் சுவரில இருக்கிற ரேடியேற்றரில கையை வையுங்கோ, எவ்வளவு சூடா இருக்கெண்டு சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ. கடைசியாச் சூடா என்ன குடிச்சனியள் எண்டு கேளுங்கோ. ஆள் எழும்பி நடக்கிற சத்தம் உங்களுக்குக் கேக்க வேணும்."

இதைத்தான் நான் தமிழில் எழுதி, படியெடுத்து, உங்கள் எல்லோருக்கும் தந்தேன். குளிர் உடம்புக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல அதே தாளில் எழுதினேன். நடுங்குவது நல்லது, உடம்பு போராடுகிறது. நடுக்கம் நின்று பேச்சு இழுபட்டால் உடனே அவசர உதவியை அழையுங்கள். எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நோர்வேக்காரர் என்று நாங்கள் அவரைப் பகிடி பண்ணுவோம். "அண்ணை, உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரோ?" என்று யாராவது கேட்டால் அவருக்குப் பெருமைதான். ஆனாலும் ஒரு நாள் என்னிடம் வேறு விதமாகச் சொன்னார். "அங்கை குளிர் வெளியில நிக்கும் ரீச்சர். வீட்டுக்குள்ள வெறும் சேர்ட்டோட இருப்பம். இஞ்சை அது வீட்டுக்குள்ள வந்து எங்களோட இருக்கும்." இவ்வளவு தெரிந்தவருக்கு இது ஏன் நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதுதான் கேள்வி.

அந்தக் கிழமை நடந்ததை, தெரிந்த அளவில் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுப் பொயிலர் நின்றது. வீட்டுக்குப் பொறுப்பானவர்களை அழைத்திருக்கிறார். வீட்டில் முதியவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு எழுபத்து மூன்று வயது. முதியவர் இல்லாத வீடு என்பதால் திருத்துபவர் வெள்ளிக்கிழமைதான் வந்தார். கதவைத் தட்டிப் பதில் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தவரும் அவர்தான். தன் தொலைபேசியில் இருந்த, முதியவர் இல்லை என்ற அந்தப் பதிவை நிரோஜாவுக்குக் காட்டியபோது அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டதாம். வைத்தியசாலையில் இதயம் என்றார்கள். குளிரும் சேர்ந்தது என்றார்கள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சரியாக எட்டரைக்கு என்னை அழைத்தார். "ரேடியேற்றரில கையை வையுங்கோ ரீச்சர்" என்றார். நான் எழுந்து போய்க் கையை வைத்து, "கொதிக்குது அண்ணை" என்றேன். சூடாக என்ன குடித்தேன் என்று கேட்டார். கோப்பி என்றேன். மூன்று நாளும், சூடில்லாத வீட்டில் இருந்துகொண்டு, என் வீட்டுச் சூட்டை விசாரித்து வைத்தார்.

வியாழக்கிழமை அவருடைய பேச்சு இழுபட்டது. அதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இப்போதுதான் நித்திரையால் எழும்பினார் போல என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, "சுகமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம் ஓம். சுகம்" என்றார்.

நான் நன்றி சொல்லிவிட்டுப் பரமேஸ்வரி அக்காவை அழைத்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு அழைப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சில வேளை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு விடியவே போய்விடுவார். அப்படித்தான் போயிருப்பார் என்று எண்ணி, நானே பட்டியலைத் தொடங்கினேன். தடங்கல் இல்லாமல் முடிந்தது. பதினான்கு பேரும் நலம்.

செத்தவீட்டுக்கு வந்த பலர் என் கையைப் பிடித்து, "நீங்கள் என்ன செய்யிறது ரீச்சர், அவர் சொல்லேல்லைத்தானே" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் சொல்லாதவர்களுக்காகத்தானே அந்தப் பட்டியல். ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது தலைகளை எண்ணுவோம். எண்ணுகிறவர் தன்னை எண்ணாமல் விடுவது புது ஆசிரியர் செய்யும் பிழை. நான் முப்பது வருட ஆசிரியை. எண்ணுகிறவரை விட்டுவிட்டு எண்ணி, கணக்குச் சரி என்று எழுதினேன்.

கதவடி ஆணியில் கொளுவியிருந்த அவருடைய பையை நிரோஜா என்னிடம் தந்தாள். தாளில் எழுதியிருந்தபடி ஒன்றும் குறையவில்லை. புதுப் பற்றறி போட்ட ரோச் லைற், இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை, பெயர் எழுதி ஒட்டிய மாத்திரைகள், வெள்ளித் தாள் போன்ற போர்வை ஒன்று. போர்வையின் உறை பிரிக்கப்படவில்லை. அடியில், மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு நான் எழுதிய தாளின் படிகள் இருபது கிடந்தன.

பட்டியலைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இப்போது தலைப்பில் ஒரு பெயரும் இல்லை. பெயர்களை வட்டமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கட்டம் கீறியிருக்கிறேன். அழைக்கப்பட்டவர், வைக்கும் முன் அழைத்தவரைத் திருப்பிக் கேட்க வேண்டும். இதை வாசிக்கிற நீங்கள் அந்த வட்டத்தில் இருந்தால், தயவுசெய்து கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். நான் அண்ணையிடம் கேட்காததற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம். படிப்பிக்கிறவரையே சோதிக்கிறதா என்று இருந்தது.

அவருடைய பொருள் என்று அந்தப் பை என்னிடம் இருக்கிறது. அவருடைய சொல் என்று அந்த ஒரு கேள்வி இருக்கிறது. நேற்று மீண்டும் குளிர் அறிவிப்பு வந்தது. இன்று காலை எட்டரைக்குப் பரமேஸ்வரி அக்கா அழைத்தார்.

"ரீச்சர், எழும்பிப் போய் ரேடியேற்றரில கையை வையுங்கோ."

"நான் சுகம் அக்கா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"அதை நான் கேக்கேல்லை" என்றார்.

எழுந்து போய்க் கையை வைத்தேன். சூடாக இருந்தது, சொன்னேன். பிறகு, "இப்ப நீங்கள் போங்கோ அக்கா" என்றேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். அவர் ரேடியேற்றரை எட்டும்வரை தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.