பன்றிக்குக் கேட்காத கோட்டு

ராஜபாளையத்தில் துணியை விரலால் தொட்டே அதன் தரத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் நான்தான் முதல் ஆள். நாலாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, அடுத்தவர் தறியில் நின்று, எண்பதுகளின் தொடக்கத்தில் சொந்தமாகப் பேண்டேஜ் துணித் தறி போட்டவன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு ஐப்பசியில் மழைக்கோட்டு தண்ணி காட்டியது.

என் மனைவியின் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் கடலை போட்டிருந்தார். அவர் கையால் போட்ட முதல் வெள்ளாமை. அறுவடை நெருங்கும்போது ஒற்றைக் காட்டுப்பன்றி ஒன்று மலையிலிருந்து இறங்கி, பாதிக் கடலைக் காட்டைக் கிளறித் தின்றுவிட்டது. மீதியாவது வீடு வந்து சேர வேண்டும் என்பதுதான் மச்சானின் கவலை.

பகலில் மழை பெய்தால் பன்றி ஓடையோரத்து உண்ணிச் செடிப் புதருக்குள் அசையாமல் படுத்திருக்கும். மச்சானின் திட்டப்படி நான் சத்தமில்லாமல் அதற்குப் பின்பக்கம் போய் நின்று கனைக்க வேண்டும். அது எதிர்ப்பக்கம் பாயும். அங்கே மச்சான் லைசென்ஸ் துப்பாக்கியோடு நிற்பார். அந்தக் காலத்தில் இதைக் கேட்க ஆளில்லை. பிற்பாடு மலைக்காட்டைச் சரணாலயம் ஆக்கியதும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்.

முதல் தடவை யூரியா சாக்கைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் போனேன். நான் பாதி தூரம் போகுமுன்னே பன்றி பக்கவாட்டில் ஓடிவிட்டது.

"மாப்ள, நீங்க வாரது எனக்கே கேட்டுச்சு. பன்னிக்குக் கேக்காதா?"

"எனக்குக் கேக்கலியே மச்சான்."

"தறிக்காரன் காதுல இடி விழுந்தாலும் கேக்காது."

அது சரிதான். வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்ற காதில் சாக்கின் சரசரப்பெல்லாம் ஏறாது. ஆனால் ஒரு துணி ஏன் பேசுகிறது, இன்னொன்று ஏன் பேசாமல் இருக்கிறது என்ற கேள்வி அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது. மச்சானின் பட்டாளத்து ரப்பர் கோட்டை வாங்கி வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் ஒரு பாய் கடையில் ரெக்ஸின் கோட்டும் எடுத்தேன்.

"சத்தம் வருமா பாய்?"

"போடுறவரு சும்மா இருந்தா கோட்டும் சும்மா இருக்கும் அண்ணாச்சி."

சோதிக்க என் காது உதவாது. அதனால் நாயின் காதை வைத்துக்கொண்டேன். என் நாய் சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, பூனைக்கண். நானே பொறுக்கி எடுத்த ராஜபாளையம் குட்டி. அது வாசலில் தூங்கும்போது கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போய், ஈர விளக்குமாற்றால் கோட்டை உரசுவேன். ரெக்ஸினுக்கு நாய் எழவில்லை. அதையே போட்டுக்கொண்டு போனேன். பன்றி மறுபடி ஓடிவிட்டது. மச்சான் புதிதாகக் கிளறிக் கிடந்த கடலைச் செடிகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்து ரப்பர் கோட்டை உரசினேன். நாய் எழவில்லை. வீட்டிலிருந்த கம்பளிப் போர்வைக்கும் எழவில்லை. கடைசியில் யூரியா சாக்கையே எடுத்து அதன் காதுக்குப் பக்கத்தில் கசக்கினேன். அதற்கும் எழவில்லை.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "அதுக்குக் காது கேக்காதுங்க."

"யாரு சொன்னா?"

"போன தீவாளிக்குத் தெருவே அதிர்ந்துச்சு, அது கொட்டாவி விட்டுக்கிட்டு படுத்திருந்துச்சு. நீங்கதான் பயமறியாத நாயின்னு ஊரு பூரா சொல்லிட்டு வந்தீங்க."

இந்த நிறத்துக் குட்டிகளில் சிலதுக்குக் காது மந்தம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் எடுத்த குட்டிக்கு அப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.

பொறவு அவளையே முற்றத்தில் முதுகு காட்டி உட்காரவைத்தேன். முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கியபடி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குவாள். சாக்குக்கு நான் லேசாக அசைந்ததுமே விரல் எழுந்துவிட்டது. ரெக்ஸின், ரப்பர் இரண்டும் அதே கதை. கம்பளிக்கு மட்டும் விரல் எழவில்லை. ஆனால் கம்பளி மழையைக் குடித்துக் குடித்து உடம்பையும் நனைத்துவிடும்.

இங்கேதான் தறிக்காரன் மூளை வேலை செய்தது. வழவழப்பான துணியில் எது பட்டாலும் பேசும். ரோமம் நிமிர்ந்த துணி தன்மேல் விழுகிறதை உள்ளேயே அமுக்கிவிடும். சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை உள்பக்கம் வைத்து, கம்பளியை முழங்காலோடு வெட்டி மேலே போட்டு, மெழுகு தடவிய நூலால் நானே தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு, செம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றியபடி நடந்து போய் அவள் தோளைத் தொட்டேன். முறம் எகிறி அரிசியெல்லாம் முற்றத்தில் சிதறியது. ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். எனக்கு அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் கிடைத்ததில்லை.

அடுத்த மழையில் புதரைச் சுற்றி முழுதாகப் போய்விட்டேன். பன்றி மூச்சுவிடும்போது அதன் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. கனைத்தேன். மறுபக்கம் ஒரே வெடி.

மீதிக் கடலை வீடு வந்தது. மச்சான் ஒரு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வாங்கக் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தங்கச்சி முன்னால் இறக்கினார்.

"கோட்டு தைச்சது நான், மச்சான்."

"காது அவளோடது, மாப்ள," என்றார்.