கொழும்பில் அப்பா வைத்த குழம்பு

இன்று மருமகள் மீன் குழம்பில், இலங்கையில் மணத்துக்குப் போடும் ரம்பை இலையைக் கிள்ளிப் போட்டாள். அந்த வாசனையில் அப்பாவின் கொழும்பு வீடு வந்துவிட்டது. அங்கே அவருக்குக் கடை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மாவும் சின்னப்பிள்ளையான நானும் கப்பலேறிப் போனோம். ஊரில் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்காத அப்பா, அங்கே கைலியை மடித்துக் கட்டிக் குழம்பு வைத்தார்.

"ஏளா, நீ உக்காரு. இங்க நாந்தான் சமையக்காரன்," என்று அம்மாவுக்குப் பரிமாறினார்.

"உங்க ஆத்தா பாத்தா கொன்னுருவாவ," என்று அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

மறுவருஷம் அப்பா தூத்துக்குடி வந்து, "ஏளா, தண்ணி கொண்டா" என்றார். செம்பை நீட்டியபடி அம்மா கேட்டாள்: "மறுபடி எப்ப கொழும்புக்குக் கூட்டிட்டுப் போவீய?"

பக்கத்தில் இருந்த தன் ஆத்தாவைப் பார்த்துவிட்டு, அப்பா தண்ணீரைக் குடித்தார். பிறகு நாங்கள் போகவேயில்லை.