அக்கா கேட்ட சட்டை

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவருடைய மாணவிகள் யாராவது எழுதியிருந்தால் இந்த நினைவு மலரின் பக்கங்கள் இன்னும் சிறப்பாக அமைந்திருக்கும். ஆனால் நான் மட்டுமே எழுதக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது.

அக்கா கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் கடைநிலை ஊழியர். அவர் சீக்கிரமே காலமாகிவிட, அக்கா டியூஷன் எடுத்துக்கொண்டே படித்தார். சிதம்பரத்தில் வேதியியலில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றார். தினமும் ரயிலில்தான் போய்வந்தார். ரத்தத்திலோ துணியிலோ தோலிலோ பூச்சிமருந்து துளியளவே இருந்தாலும் அதைப் பிரித்து அளப்பது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சி. “அவ கையால சோறு போட்டா அந்த மருந்து வாடதான் வருது” என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

பிறகு அரசு தடய அறிவியல் ஆய்வகத்தில், நஞ்சியல் பிரிவில் வேலை கிடைத்தது. சந்தேக மரணங்களில் ஜாடிகளில் வரும் இரைப்பையையும் கல்லீரலையும் சோதித்து அறிக்கை தர வேண்டும். பெண் பார்க்க வந்த வீட்டார் இதைக் கேட்டதும் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அக்கா சிரித்தார். அதன்பின் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் பங்கு நிலத்தைப் பார்க்கப் போனேன். பக்கத்து வயல் பெரியப்பா மகனுடையது. அந்த அண்ணன் ஒருநாள் காலை நெல்லுக்கு மருந்தடித்துவிட்டு வந்து, அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட்டதும் வாந்தியெடுத்து விழுந்தார். நான்தான் அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. முந்தின நாள் அவர்கள் இருவருக்கும் தெருவே கேட்கும்படி சண்டை நடந்திருந்தது. சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று பெரியப்பா வீட்டில் கதறினார்கள். போலீசில் நானும் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்தேன். அண்ணி கைதானார்.

உறவினர் வழக்கு என்பதால் அக்கா மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வேறொருவர் சோதித்தார். அறிக்கை வந்ததும் நான்தான் அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

“ரத்தத்துல பூச்சிமருந்து இருக்குதாம்க்கா. இனிமே அவுங்க தப்பிக்க முடியாது.”

“இரைப்பையில?”

“அதுல இல்லன்னு போட்டிருக்குதாம். அதனால என்னா?”

“சோத்துல வச்சிருந்தா மொதல்ல அங்கதாண்டா இருக்கணும். தோல் வழியாவும் மருந்து ஏறும். அன்னிக்கி அண்ணன் போட்டிருந்த சட்டை எங்க?” என்றார்.

“தெரியாதுக்கா.”

தெரியும். மாட்டுக்கொட்டகையில் ஓர் உரச்சாக்குக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அண்ணன் அன்று முதுகில் மாட்டியிருந்த ஸ்பிரேயர் என்னுடையது. அது ஒழுகும் என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்திருந்தேன். சட்டை வெளியே வந்தால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் எடுத்து நீட்டிய சாக்கை அவர் தொடவில்லை.

“என்கிட்ட குடுக்காத. நான் தொட்டா செல்லாது. ஸ்டேஷன்ல குடு. ஸ்பிரேயர் யாருதுன்னும் சேத்து சொல்லு. அவுங்க உள்ள இருக்காங்கடா.”

சட்டையைக் கொடுத்தேன். கொட்டகையில் கிடந்தது என்று மட்டும் சொன்னேன். ஸ்பிரேயரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா கண்டறிந்த முறையிலேயே இன்னோர் ஆய்வாளர் சட்டையைச் சோதித்தார். முதுகுப்பக்கம் முழுக்க மருந்து இருந்தது. அண்ணி விடுதலையானார். அதற்குள் ஏழு மாதம் ஓடியிருந்தது.

அக்காதான் சட்டையைத் தயார் செய்து அனுப்பி, கொலைகாரியைக் காப்பாற்றிவிட்டார் என்று நம் உறவில் பேச்சு கிளம்பியது. பெரியப்பா வீட்டுக் கல்யாணங்களுக்கு அவருக்குப் பத்திரிகை வரவில்லை. எங்கள் அம்மாவின் காரியத்தில்கூட யாரும் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். அக்கா யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொங்கலுக்குப் போகும்போதெல்லாம், “அண்ணிகிட்ட சொன்னியா?” என்று மட்டும் கேட்பார். ஏதாவது சாக்குச் சொல்வேன்.

ஓய்வுபெற்றுக் கடலூரில் கல்லூரிப் பெண்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் ஒரு மாலை, குரலே எழும்பாத நிலையிலும் கேட்டார்.

“சொன்னியா?”

“சொல்றேன்க்கா.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நினைவு தப்பியது. அதன்பின் என்னிடம் அவர் பேசவே இல்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் கிள்ளைக்குப் போனேன். அண்ணி அங்கே மகளோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“ஏழு மாசம் எம்புள்ள கண்டவங்க வீட்ல சோறு தின்னுச்சி” என்றார் அண்ணி. “இப்ப என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? உங்க அக்காவ வாய்க்கு வந்தபடி பேசுனாங்களே, அவுங்ககிட்ட போய் சொல்லு.”

அதற்கும் ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது சொல்கிறேன். அக்கா எந்த அறிக்கையையும் மாற்றவில்லை. அந்தச் சட்டையைத் தொடக்கூட இல்லை. ஒளித்து வைத்தவன் நான்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்து உடனிருந்த மாணவிகளுக்கும், கடைசிப் பயணத்தில் தோள்கொடுத்த ஆய்வக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அண்ணியும் வந்திருந்தார். “இவ எதுக்கு வந்தா?” என்று முணுமுணுத்தவர்கள் உங்களில் சிலர் உண்டு. அது என் காதிலும் விழுந்தது, சும்மா நின்றேன். அவருக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

— தம்பி