இன்னும் இரண்டு நாடு பாக்கி

வெளிநாடு என்றால் வாயைப் பிளக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். உனக்கென்ன, மாசக்கணக்கில் பிளேனிலேயே இருக்கிறாய் என்பார்கள். நான் பார்க்கிற வெளிநாடு என்ன? விமான நிலையத்துக் கழிப்பறை, ஜன்னல் திறக்காத ஓட்டல் அறை, நான் கொண்டுபோன இலையை முகர்ந்து முகம் சுளிக்கிற ஒரு ஆள். வேறென்ன கண்டேன்!

நிலாவாரை இலை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் மழையை நம்பி விளைகிற இலை. பேதி மருந்துக்கும் மூலிகைத் தேநீருக்கும் வெளியே வாங்குவார்கள். சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பேசி ஆர்டர் பிடிப்பது என் பொறுப்பு. ஒரு சுற்றுக் கிளம்பினால் ஒரு மாதம் போய்விடும். சங்கரன்கோவில் வீட்டில் கணவரும் மகளும். அங்கே இருந்தால் வீட்டு நினைப்பு, இங்கே வந்தால் மெயில் நினைப்பு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

போன சுற்றில், ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் நின்றுகொண்டிருந்தேன். மகள் போன் செய்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிட்டிருக்கிறாள். மெதுவாகச் சொன்னாள். பெரியவளாகிவிட்டாள்.

பேசிக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு, பீரோவில் நாப்கின் எங்கே இருக்கிறது, எப்படி வைக்க வேண்டும் என்று கிசுகிசுத்தேன். வெளியே யாரோ தட்டினார்கள். போய்த் தொலையேன் என்று தமிழிலேயே கத்தினேன். அப்பாவிடம் போனைக் கொடு என்றேன். கரிவலத்தில் இருக்கிற அவள் அத்தைக்குச் சொல்லியாக வேண்டும். எங்களில் முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்றுவாள்.

"அப்பாட்ட சொல்லாதம்மா. யார்ட்டயும் சொல்லாத. நீ வந்தப்பறம் சொல்லிக்கிடலாம்."

"நான் வர நாளாகும் மக்கா."

"ஆகட்டும். நீ இல்லாம எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

இன்னும் இரண்டு நாடு பாக்கி இருந்தது. மேலாளரிடம் வீட்டில் அவசரம் என்றேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அப்படி இல்லை என்றேன். என்ன சொல்வது? அப்படியானால் முடித்துவிட்டே வாங்களேன், கிடங்கில் மூட்டை அடுக்கு குறையவே இல்லை, இந்த ஆர்டரும் போனால் வாங்கிய இலையை என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஈரப்பதத்தையும் தூசி அளவையும் பற்றிப் பேசினேன். மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். 'ம்' என்று பதில் வந்தது. கணவரோ, பிள்ளை தலைவலி என்று சுருண்டு படுத்திருக்கிறாள், சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன் என்றார். பாவம் மனுஷன். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இரண்டு ஆர்டரும் கிடைத்தன. கிடைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மதுரையில் இறங்கி, ராஜபாளையம் வழியாக டாக்ஸியில் வீட்டுக்கு வந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. வழியெல்லாம் டிரைவரை விரட்டினேன். மகள் வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு, இப்போது சொல்லலாமா என்று காதில் கேட்டேன். தலையாட்டினாள். இன்றைக்குத்தான் ஆனது போலவே கணவரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கித் தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

மதினி மஞ்சளும் பூவும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். பிள்ளையைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டு, முதல் வேலையாக நேரத்தைக் கேட்டார். பெரியவளான நேரத்தை வைத்துத்தான் ஜோசியர் ஜாதகம் எழுதுவார். பொய் சொல்லத் துணிந்த நான் அதை யோசிக்கவில்லை.

மகள்தான் சொன்னாள், கொஞ்சமும் தடுமாறாமல்.

"அம்மா வந்து கார்ல இருந்து எறங்குனாள்லா, அப்பதான் அத்த."

மதினிக்கு ஒரே சிரிப்பு. என் தோளில் தட்டினார்.

"ஏட்டி, ஒம் மவ ஒனக்காவ காத்துக் கெடந்திருக்கா பாரு."

ஆமாம் மதினி என்றேன். மகள் என் பக்கம் திரும்பவில்லை. அத்தை காட்டிய பலகையில் போய் உட்கார்ந்து, தண்ணீருக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நான் வந்தபிறகும் எனக்காகப் பொய் சொல்கிறாள். அந்தத் தண்ணீரை என் தலையிலும் ஊற்றினால் தேவலை, நான் அழுவதாவது தெரியாமல் இருக்கும் என்று இருந்தது.