ஓமானில் ஓம்

அந்த மனிதர் என்னை ஆட்டோடு ஆடாக விற்கப்போகிறார் என்றுதான் முதலில் நம்பினேன். "உங்களை ஆரப்பா வாங்குவினம்?" என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.

எழுபதுகளில் சிட்னிக் கம்பனி என்னை வேலையாக ஓமானுக்கு அனுப்பியது. பாலைவன ஊர் ஒன்றின் ஆட்டுச் சந்தையில் வேடிக்கை பார்த்து, கூட வந்தவர்களைத் தவறவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். மருதாணித் தாடியும் இடுப்பில் வளைந்த கத்தியுமாக ஒருவர் வந்தார். ஏலக்காயை மென்றபடி அரபியில் ஏதோ கேட்டார். பயத்தில் என் வாயில் வந்தது, எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் ஒரே சொல்தான்.

"ஓம், ஓம்!"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "உம்?"

"ஓம்! ஓம்!"

என் கையைப் பிடித்துச் சந்து சந்தாகக் கூட்டிப்போனார். ஒரு மண்வீட்டில் வயதான பெண் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். விலை மதிக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் பேரீச்சம்பழம் தந்தாள். அவர் போய் எங்கள் ஜீப்பைத் தேடிப்பிடித்து, கூட வந்தவர்களைக் கூட்டிவந்தார்.

சிட்னியில் கூட வேலைசெய்த லெபனான்காரர் இதைக் கேட்டு இருந்த கதிரையோடு சரிந்து சிரித்தார். "அரபியில் 'உம்' என்றால் அம்மா!"

மீசை முளைத்த நான் நடுச்சந்தையில் நின்று "அம்மா, அம்மா" என்றிருக்கிறேன். அந்த மனிதர் என்னைத் தன் அம்மாவிடம் கூட்டிப்போனார்.