விசில் நின்ற வண்டி

எங்கள் டீசல் கார் பழசு. ஆனாலும் ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன்னால் எங்கிருந்தோ மெல்லிய விசில் கிளம்பும். அடுத்த நொடி முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாயும். அந்த விசில் நின்றுபோனதை முதலில் கவனித்தது என் மனைவி.

அவளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில், ஆஸ்பத்திரி செங்கல்பட்டில். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, உதிரம் பட்டால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று அவளைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு ஜல்லி லாரியைத் தாண்டப் பார்த்தேன். பாதியில் வண்டிக்குத் தம் போதவில்லை. எதிரே பஸ். பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் ஒரே கரும்புகை.

"இன்னாங்க, விசிலே வர்ல?" என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இதுல இனிமே நான் ஏற மாட்டேன். விசில் வரட்டும், அப்பால பாக்கலாம்" என்றாள்.

ஆம்புலன்ஸ் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கூப்பிட்டுவிட்டு வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை எனக்குத்தான் இல்லை.

செங்கல்பட்டு மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ காத்து தள்ளல சார், அதான் விசில் வர்ல. செட்டோட மாத்தணும். சாமான் வர நாளாவும்" என்றார். அந்த நாள்தான் எங்களிடம் இல்லை. எரிச்சலோடு வண்டியை உருட்டிக்கொண்டு மச்சானின் ஷெட்டுக்கு வந்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கடற்கரைச் சாலையில் வாட்டர் சர்வீஸ் ஷெட் வைத்திருக்கிறான். தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவன் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் வண்டியைக் கழுவியதும் அடியில் டீசலைப் பீய்ச்சி அடித்து விடுவது வழக்கம். அக்கா உண்டானதிலிருந்து எங்கள் வண்டிக்கு வாரம் தவறாமல், பானெட்டுக்குள்ளேயும் சேர்த்து அடித்தான். எதற்கு என்றால், "அக்காக்கு நான் செய்யிற சீரு மாமா" என்பான்.

நாவலூர் ஆபீசில் அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு நேரத்தில் டர்போ வீடியோக்களாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பிரமிப்பு. எஞ்சின் வேண்டாமென்று வெளியே தள்ளும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை வாரி எஞ்சினுக்குள் திணிக்கிறது. எவ்வளவு திணிக்க வேண்டும் என்பதை ஒரு மெல்லிய கம்பி தீர்மானிக்கிறது. அந்தக் கம்பியை அசைப்பது எது தெரியுமா? பென்சில் தடிமனுள்ள ஒரு ரப்பர் டியூபில் இருக்கும் வெற்றிடம். காற்றுகூட இல்லை, காற்று இல்லாமை! இத்தனை வருடம் இதன் பின்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் பானெட்டைத் திறந்தோம். அவள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். மச்சான் ஸ்டார்ட் செய்தான். ஸ்டார்ட் ஆனதும் கம்பி சட்டென்று நகர வேண்டும். நகரவில்லை.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கம்பியோடு சேரும் டியூபைக் கழற்றினேன். அந்த இடத்தில் வேறொரு டியூபைச் சொருகி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். கம்பி அசைந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. மறுபடி உறிஞ்சினேன், மறுபடி அசைந்தது. அத்தனை பெரிய எஞ்சினின் வேகத்தைக் கட்டியாளும் கம்பி, என் வாய்க்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கியது. "போதும், வெளயாடாதீங்க" என்றாள் அவள். அவளும் எழுந்து வந்து குனிந்து பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அப்படியென்றால் டர்போ உயிரோடு இருக்கிறது. வெற்றிடம்தான் அதுவரைக்கும் வந்து சேரவில்லை. மீண்டும் ஸ்டார்ட் செய்து, கழற்றிய டியூபின் முனையில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பின் வாயில் வைத்தேன். கப்பென்று விரலைக் கவ்விக்கொண்டது. கோளாறு இரண்டுக்கும் நடுவில். எஞ்சினை அணைத்துவிட்டு டியூபைத் தடவிக்கொண்டே போனேன். அடியில் வளைகிற இடத்தில் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊறி, வாய் பிளந்து கிடந்தது.

அவள் அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "டீசல் நாத்தம்" என்றாள்.

மச்சானின் முகம் செத்துவிட்டது. டீசல் பட்டால் அந்த மாதிரி ரப்பர் ஊறிப்போகும் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "நான் அடிச்சதாக்கா?" என்றபடி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான். "நீ உள்ள இருக்கசொல்ல லாரிகிட்ட மாட்டிகினு..."

"எந்திரிடா. சீரு கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சு, அவ்ளோதான். போய் டியூப் வாங்கிகினு வா."

பைக்கில் பறந்து போய் வாங்கி வந்தான். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் கம்பி கீழே இறங்கி நின்றது. கல்பாக்கம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி விசிலோடு திரும்பி வந்தேன். யாரும் கூப்பிடாமலே அவள் கதவைத் திறந்து ஏறினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் உதிரம் பட்டது. அதே சாலை, வேறொரு லாரி. அழுத்தினேன். கண்ணை மூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள், "விசில் கேக்குதுங்க" என்றாள். எனக்கும் கேட்டது. லாரி பின்னால் போய்விட்டது.

ஆபரேஷன் முடிந்து பெண் குழந்தை. சோப்புப் போட்டுக் கழுவிய விரலை அதன் உதட்டருகே கொண்டுபோனேன். கண்ணைக்கூடத் திறக்காமல் வாயைத் திறந்து கவ்விக்கொண்டது. அந்தச் சின்ன வாய் உள்ளே இழுத்த இழுப்பு இருக்கிறதே! என் கண் நிறைந்துவிட்டது.

"இன்னா மாமா, ஒரு மாரி ஆயிட்ட?" என்றான் வாசலில் நின்ற மச்சான். உள்ளே வரத் தயங்கிக்கொண்டிருந்தான்.

"கவ்வுது மச்சான். வந்து பாரு."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். கூடவே டீசல் வாசனையும் வந்தது.

"மொதல்ல கையக் கழுவிகினு வாடா" என்றாள் கட்டிலிலிருந்து அவன் அக்கா.