நூற்று மூன்றின் கடைசி எண்

தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தியபோது நான் திருந்திவிடுவேன் என்று என் மனைவி நம்பினாள். நானும் நம்பினேன். ஆனால் ஓசூரில் குடியிருப்பவனுக்கு அரசாங்கம் எதைத் தடுத்து என்ன பயன்? பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கே லாட்டரிக் கடைகள் வரிசையாகத் திறந்திருந்தன. மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே போவேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். அதற்கென்று அவள் தனியாக ஒரு டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பாள். அந்தச் சோற்றை லாட்டரிக் கடை வாசலில் நின்று தின்றிருக்கிறேன். அவ்வளவு வெட்கங்கெட்டவன்.

நான் ஆடியது ஒரு நம்பர் ஆட்டம். குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி இலக்கத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதனால் எதைப் பார்த்தாலும் கடைசி எண் மட்டும் கண்ணில் படும். பஸ் நம்பர், மெஷின் நம்பர், செத்தவர் வயது. ஒரு துக்க வீட்டில் யாரோ ‘அறுபத்தெட்டு’ என்று சொல்ல, எட்டு, எட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறேன்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கிளினிக்கில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்து, “நூத்தி மூணு” என்றார். டாக்டர் எழுதிய மருந்து அங்கே இல்லை. மனைவி மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்தாள். “நான் பாப்பாவத் தூக்கினு வீட்டுக்குப் போறேன். நீங்க சீக்கிரம் வாங்கினு ஓடியாங்க” என்றாள். மருந்துக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. நான் பஸ் ஏறினேன்.

மூன்று விழுந்தது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. என் பிள்ளையின் காய்ச்சலை வைத்து ஆடி ஜெயித்தேன். கடைக்காரர் பணத்தை நீட்டியபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மருந்தோடு ஒரு பெரிய பொம்மையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டம்மாள் கிளினிக்குக்குப் போய் மறுபடி சீட்டு எழுதி வாங்கி, எங்கோ அலைந்து அதே மருந்தை வாங்கி வந்து கொடுத்திருந்தார். மனைவி குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் தூக்கத்தில்கூட எண்களை முணுமுணுப்பதைக் கேட்டவள் அவள்; பொம்மையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“மூணா?” என்றாள்.

நான் மருந்தை நீட்டினேன்.

“இனிமே இவளுக்கு என்னா வந்தாலும் நானே பாத்துக்கறேன். உங்க கையில எதையும் குடுக்க மாட்டேன்.” சத்தம்கூடப் போடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சூதாட்டத்தை விட நினைப்பவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியவில்லை. குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவார்கள் என்று மட்டும் தெரியும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நான் அங்கே போய் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது, “விட்டு ஒம்பது நாளாச்சு” என்றேன். எதை என்று சொல்லவில்லை. கை தட்டினார்கள். குடிகாரன் என்றால் நாலு பேர் இரக்கப்படுவார்கள், பிள்ளையின் காய்ச்சலில் பந்தயம் கட்டியவனுக்கு யார் இரக்கப்படுவார்கள்? ஆறு வாரம் குடிகாரனாகவே நடித்தேன்.

அந்தக் கூட்டத்தில் தளியைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். எல்லோரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் வெளியே டீ குடிக்கும்போது சிரித்தார். “குரு, கட்டிங்னா என்னான்னு கேட்டா முழிக்கிறே. நீ எந்த ஊரு குடிகாரன்? நெஜமா எதை வுட்டே, சொல்லு.”

சொன்னேன். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொன்னேன், நூற்று மூன்று, பஸ், சிரிப்பு எல்லாவற்றையும். அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. கூட்டம் முடிந்ததும் டிரைவர் என்னிடம் வந்து, “பஸ் ஏறணும்னு தோணுச்சுனா எனக்கு போன் பண்ணு” என்றார்.

ஒருமுறை ஏறியேவிட்டேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி ஊரான ஜூஜூவாடியில் இறங்கி, ஒரு ரூபாய் போனில் அவரைக் கூப்பிட்டேன். “அங்கயே நில்லு, நவுராதே” என்றார். வந்து அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் வீட்டில் வைத்திருந்த ரோஜாச் செடிகளைப் பற்றியே பேசினார்.

அடுத்த வருஷம் மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அன்று மனைவிக்கும் நடக்க முடியாத ஜுரம். வேறு வழியில்லாமல் பழைய மருந்துச் சீட்டை எடுத்தவள், அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கொடுத்தாள். நான் ஓடிப்போய் ஓடிவந்தேன். மூச்சு வாங்கியது. அவள் மருந்தை வாங்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன்.

“இருக்குது” என்று சொல்லிவிட்டு, அதை உதறி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். எத்தனை என்று அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.